ஈட்டி பழுதுபார்ப்பில் இருக்கிறது: யெவ்கேனி ஷ்வார்த்ஸின் 'டிராகன்' பற்றிய நிகழ்வு ஆய்வு

டிராகனோடு சண்டை போட வந்திருக்கும் வீரனுக்கு ஊர் நிர்வாகம் ஆயுதம் வழங்குகிறது. சதுக்கத்தில் ஆட்களைக் கூட்டி, முறைப்படி. முதலில் வார் கட்டிய ஒரு சின்னச் செம்புக் கிண்ணம் வருகிறது. "இது சவரக்காரரின் கிண்ணமாயிற்றே" என்கிறான் வீரன். "ஆமாம், ஆனால் அதைப் பொறுப்புத் தலைக்கவசமாக நியமித்திருக்கிறோம்" என்கிறார் நகரத் தலைவர். ஒரு செம்புத் தட்டு கேடயமாக நியமனம் ஆகியிருக்கிறது. எங்கள் ஊரில் பொருள்கள்கூடக் கட்டுப்பாடு தெரிந்தவை, கொடுத்த வேலையை மனசாரச் செய்யும் என்று தைரியம் சொல்கிறார். மார்க்கவசம் கிடங்கில் இல்லையாம். ஈட்டி இருக்கிறதா? இருக்கிறது. சொல்லிவிட்டு அவர் நீட்டுவது ஒரு தாள். ஈட்டி உண்மையாகவே பழுதுபார்ப்பில் இருக்கிறது என்பதற்குக் கையொப்பமும் முத்திரையும் இட்ட சான்று. சண்டையின்போது டிராகனிடம் இதைக் காட்டினால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி நாடகம் வாசிக்கிறவர்கள். இந்தக் காட்சியை எனக்குத் தெரிந்த அளவில் தமிழாக்கிக் கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு தடவை படித்தார். "தம்பி, இதை எழுதினவர் ஆபீஸில் வேலை பார்த்தவரா? இந்த மாதிரிச் சான்றை நானே தட்டச்சு செய்து முத்திரை வைத்துக் கொடுத்திருக்கேன். வாங்கினவன் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான்" என்றார்.

அந்த நாடகம் எழுதப்பட்டது 1943இல், மத்திய ஆசியாவில். எழுதியவர் லெனின்கிராடுக்காரர். டிராகன் கதையோ ஆயிரம் வருஷப் பழசு. எங்கேயோ யாரோ எழுதியது ஒரு தமிழ்ப் பெரியவரை அப்படி நிறுத்திவிட்டது எப்படி? பழைய தேவதைக் கதைகளைத் திரும்பச் சொல்லி நிகழ்கால சமூகத்தை விமர்சிக்கும் எழுத்து எவ்வளவோ இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரண்டு வருஷத்தில் வாடிப்போகிறது. இது ஏன் வாடவில்லை? இதைத்தான் இந்த ஆய்வில் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஷ்வார்த்ஸ் டிராகனைப் பார்த்து எழுதவில்லை, டிராகனோடு வாழப் பழகிய ஊரைப் பார்த்து எழுதினார். பழைய கதைகளில் முகமில்லாமல் கூட்டமாக நின்றவர்களை முன்னால் இழுத்து வந்தார்.

எழுதியவர்

யெவ்கேனி ல்வோவிச் ஷ்வார்த்ஸ் 1896இல் கசான் நகரில் பிறந்தவர். அப்பா மருத்துவர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா ரஷ்யப் பெண். தெற்கே மைக்கோப் என்ற சிற்றூரில் வளர்ந்தார். 1921இல் ஒரு சிறிய நாடகக் குழுவோடு நடிகராகப் பெத்ரோகிராடுக்கு, அதாவது பிறகு லெனின்கிராட் ஆன நகரத்துக்கு, வந்தார். குழு நிலைக்கவில்லை. அப்புறம் சிறுவர் எழுத்தாளர் கர்னேய் சுக்கோவ்ஸ்கிக்குச் செயலாளராகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கவிஞர் சமுயில் மர்ஷாக் தலைமையில் இயங்கிய அரசுப் பதிப்பகத்தின் சிறுவர் பிரிவில் சேர்ந்தார்.

எழுபது, எண்பதுகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த உலகத்தின் ஓரம் தெரியும். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம் வீடுகளுக்கு வந்த வழுவழுப்பான சிறுவர் நூல்கள். அந்த மரபுக்கு அடித்தளம் போட்டவர்களில் மர்ஷாக்கின் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் படம் பார்த்து மகிழ்ந்த அந்தப் புத்தகங்களின் பின்னால் இருந்த மனிதர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஷ்வார்த்ஸின் நெருங்கிய நண்பர் நிக்கலாய் ஒலேய்னிக்கவ், சிறுவர் இதழ் ஆசிரியர், 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னொரு நண்பர் தனீல் ஹார்ம்ஸ், இன்றைக்கும் ரஷ்யக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டுகளை எழுதியவர், 1942 பிப்ரவரியில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் சிறை மருத்துவமனையில் இறந்தார். குழந்தைகளுக்கு எழுதினால் பாதுகாப்பாக இருக்கலாம் என்ற நினைப்பு அந்த ஊரில் பொய்த்துப்போனது.

ஷ்வார்த்ஸ் தப்பித்தார். எப்படி என்பதற்கு யாரிடமும் ஒழுங்கான காரணம் கிடையாது.

டிராகனுக்கு முன்பு

இந்த நாடகம் திடீரென்று வந்ததல்ல. நிக்கலாய் அக்கீமவ் என்ற இயக்குநரும் ஷ்வார்த்ஸும் பத்து வருஷம் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்த வழி அது. அக்கீமவ் அடிப்படையில் ஓவியர். 1935இல் லெனின்கிராட் நகைச்சுவை நாடக அரங்கின் பொறுப்பை ஏற்றார். நெவ்ஸ்கி வீதியில், நகரமே அறிந்த எலிசேயவ் மளிகை மாளிகையில் இருக்கிறது அந்த அரங்கம். இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதல் முயற்சி 1934இல் எழுதிய 'அம்மண ராஜா'. டென்மார்க்கின் தேவதைக் கதை எழுத்தாளர் ஆண்டர்சனின் மூன்று கதைகளை ஒன்றாகப் பின்னியது: பன்றி மேய்ப்பவன், பட்டாணி மேல் படுத்த இளவரசி, நமக்கெல்லாம் தெரிந்த ராஜாவின் புது ஆடை. முந்தைய ஆண்டு மே மாதம்தான் ஜெர்மனியில் நாஜிகள் சதுக்கங்களில் புத்தகங்களைக் கொளுத்தியிருந்தார்கள். நாடகத்தில் ஒரு பாத்திரம் தன் நாட்டு நடப்பைச் சொல்கிறது: சதுக்கத்தில் புத்தகம் எரிப்பது எங்கள் ஊரில் ஃபேஷன். முதல் மூன்று நாளில் உண்மையாகவே ஆபத்தான புத்தகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஃபேஷன் தீரவில்லை. மீதிப் புத்தகங்களைப் பார்க்காமல் கொளுத்தினார்கள். இப்போது புத்தகமே இல்லை, வைக்கோலை எரிக்கிறார்கள்.

வைக்கோல் என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் ஷ்வார்த்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன். ஒரு வெறி தன் காரணத்தை இழந்த பிறகும் பழக்கமாக ஓடிக்கொண்டிருப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? நாடகம் மேடையேற அனுமதி கிடைக்கவில்லை. ஜெர்மனியைக் கிண்டல் செய்கிறது என்று சொல்லி அனுமதித்திருக்கலாம். ஆனால் படித்த அதிகாரிக்கு வேறு ஏதோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

1940இல் 'நிழல்' வந்தது. ஆண்டர்சனின் 1847ஆம் வருஷக் கதை: ஒரு அறிஞனின் நிழல் அவனை விட்டுப் பிரிந்து போய், பெரிய மனிதனாகித் திரும்பி வந்து, அவனையே தன் நிழலாக இருக்கச் சொல்கிறது. ஷ்வார்த்ஸ் அந்தக் கதையை ஒரு விடுதிக்குள்ளும் அரண்மனைக்குள்ளும் வைத்தார். அங்கே பழைய கதைகளின் ராட்சதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். காட்டில் இல்லை, பலர் நகர அடகுக்கடையில் நகை மதிப்பீட்டாளர்கள், ஒருவர் பத்திரிகையாளரும்கூட. மனிதனைத் தின்ன ஏற்ற நேரம் எது என்று அவர் சொல்லித் தருகிறார்: அவன் நோயில் படுத்திருக்கும்போது, அல்லது விடுமுறைக்குப் போயிருக்கும்போது. யார் தன்னைத் தின்றது என்று அவனுக்கே தெரியாது, அவனோடு மிக நல்ல உறவையும் தொடரலாம். கைதுகளும் மொட்டைக் கடிதங்களும் மலிந்திருந்த ஊரில், பக்கத்து மேஜைக்காரரை நாளைக்குப் பார்ப்போமா என்று தெரியாத காலத்தில், இது மேடையில் ஒலித்தது. அக்கீமவ் மேடையேற்றினார், ஓடியது.

'நிழல்' நாடகத்தின் முகப்பில் ஆண்டர்சனின் சுயசரிதையிலிருந்து ஒரு வரியை ஷ்வார்த்ஸ் வைத்திருக்கிறார்: பிறருடைய கதை என் ரத்தத்திலும் சதையிலும் கலந்தது போலாயிற்று, நான் அதை மறுபடி படைத்தேன், அதன் பிறகே வெளியே விட்டேன். ஆண்டர்சனும் இரவல் வாங்கியவர்தான். ராஜாவின் ஆடைக் கதைக்கு மூலம் பதினான்காம் நூற்றாண்டு ஸ்பெயினில் டான் ஹுவான் மனுவேல் எழுதிய தொகுப்பில் இருக்கிறது. அங்கே துணி யார் கண்ணுக்குத் தெரியாது தெரியுமா? தன் அப்பாவுக்குப் பிறக்காதவன் கண்ணுக்கு. ஆண்டர்சன் 1837இல் அதை மாற்றினார்: பதவிக்குத் தகுதியில்லாதவனுக்கும் முட்டாளுக்கும் துணி தெரியாது. பிறப்பைப் பற்றிய பயம் உத்தியோகத்தைப் பற்றிய பயமாக மாறியது. அந்த ஒரு மாற்றத்தில் ஒரு சமூகமே இடம் மாறியிருக்கிறது. மறுகூறல் என்றால் இதுதான்: கதையின் எந்த ஆணியைக் கழற்றி எந்த ஆணியை அடிக்கிறோம் என்பது.

நாடகம் எழுதப்பட்ட நேரம்

1941இல் லெனின்கிராடை ஜெர்மன் படை சூழ்ந்தது. ஷ்வார்த்ஸும் மனைவி எக்கத்தெரீனாவும் எழுத்தாளர் குடியிருப்பின் மாடியில் இரவுக் காவல் இருந்தார்கள், விழும் தீக்குண்டுகளை அணைக்க. டிசம்பரில் ஊரை விட்டு வெளியேறும்போது பல வருஷ நாட்குறிப்புகளைக் கொளுத்திவிட்டுக் கிளம்பினார். முதலில் கீரவ் நகரம். பிறகு 1943இல் அக்கீமவின் நாடகக் குழு இடம்பெயர்ந்திருந்த ஸ்தலினாபாத், இன்றைய துஷான்பே. அங்கேதான் 'டிராகன்' முடிந்தது.

கதை இதுதான். லான்சலாட் என்ற வழிப்போக்கன், புகழ்பெற்ற வீரன் லான்சலாட்டின் தூரத்து உறவினன், ஒரு ஊருக்குள் வருகிறான். திறந்து கிடக்கும் ஒரு வீட்டின் அடுப்படியில் பூனை படுத்திருக்கிறது. ஊர் நிலவரத்தை அதுதான் சொல்கிறது. மூன்று தலை டிராகன் ஒன்று 400 வருஷமாக ஆட்சி செய்கிறது. வருஷத்துக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளும். இந்த வருஷம் இந்த வீட்டுப் பெண் எல்சா. அவளுடைய அப்பா சார்லமேன் ஊரின் ஆவணக் காப்பாளர், நல்ல மனிதர்.

அவர் வந்ததும் லான்சலாட் விசாரிக்கிறான். மனிதர் கணக்கை ஒப்பிக்கிறார்: மாதம் ஆயிரம் மாடு, இரண்டாயிரம் ஆடு, ஐயாயிரம் கோழி, இரண்டு பூத் உப்பு, அதாவது முப்பத்து மூன்று கிலோ போல. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் கூடுதலாகப் பத்துத் தோட்டத்துக் கீரை காய்கறி. "இது உங்களைக் கொள்ளையடிப்பதில்லையா?" என்று கேட்டால், இல்லையே, எங்களுக்குப் பழகிவிட்டது என்கிறார். நன்மையும் செய்திருக்கிறதாம். 82 வருஷத்துக்கு முன்னால் காலரா வந்தபோது ஏரியில் மூச்சு விட்டு நீரைக் கொதிக்க வைத்தது. ஊரே கொதித்த நீர் குடித்துப் பிழைத்தது. ஜிப்ஸிகளை ஒழித்ததும் அதுதான். "ஜிப்ஸிகள் நல்லவர்கள் ஆயிற்றே" என்கிறான் லான்சலாட். அவருக்கு அதிர்ச்சி. வாழ்நாளில் ஒரு ஜிப்ஸியைப் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள் பயங்கரமானவர்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறார். வேறு டிராகன்களிடமிருந்து தப்பிக்க ஒரே வழி நமக்கென்று சொந்த டிராகன் ஒன்று இருப்பது என்றும் சொல்கிறார்.

இவ்வளவையும் அன்போடு சொல்கிறார். சொல்கிறவரின் மகள் மறுநாள் சாகப்போகிறாள். இந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு நின்றது. கெட்டவன் ஒருவன் இந்தக் கணக்கை ஒப்பித்திருந்தால் வெறும் கிண்டலாக முடிந்திருக்கும். பாசமுள்ள ஒரு அப்பா ஒப்பிக்கிறார்.

அதே சார்லமேன் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தும் நிற்கிறார். சவால் விட்ட லான்சலாட்டை அங்கேயே முடித்துவிட டிராகன் பாயப் பார்க்கிறது. அவர் குறுக்கே விழுகிறார்: டிராகனைச் சண்டைக்கு அழைக்க யாருக்கும் உரிமை உண்டு என்று முற்காலத்தில் நீங்களே கையெழுத்திட்ட ஆவணம் இருக்கிறது, அது இன்னும் ரத்தாகவில்லை. அப்போது நான் அனுபவமில்லாத சின்னப் பையன் என்கிறது டிராகன். ஆவணம் ரத்தாகவில்லை என்று மறுபடியும் சொல்கிறார் காப்பாளர். அந்த ஊரில் டிராகனைக் கொஞ்ச நேரமாவது தடுத்து நிறுத்தியது வாள் இல்லை. பழைய கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்த ஒரு பயந்த மனிதரின் ஞாபகம்.

டிராகன் இங்கே நெருப்பு கக்கிக்கொண்டு வருவதில்லை. மனித உருவத்தில், கொஞ்சம் காது மந்தமான, படைவீரர் போன்ற, வயதானாலும் திடமான ஆளாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறது. குடும்ப நண்பர் மாதிரி உட்கார்ந்து பேசுகிறது. நகரத் தலைவர் பைத்தியம் போல் நடிக்கிறவர். நான் ஒரு தேநீர்க் கெண்டி, என்னில் தேநீர் போடுங்கள் என்பார். ஏன் அப்படி நடிக்கிறார் என்பதை டிராகன் பிறகு சொல்கிறது: தனக்கு ஆன்மாவே இல்லை என்பதை மறைக்க. உடம்பை இரண்டாக வெட்டினால் மனிதன் செத்துவிடுவான், ஆன்மாவைக் கிழித்தால் சாகமாட்டான், இன்னும் கீழ்ப்படிவான், அவ்வளவுதான் என்கிறது. கையில்லாத ஆன்மாக்கள், காலில்லாத ஆன்மாக்கள், செவிட்டு ஊமை ஆன்மாக்கள், சங்கிலியில் கட்டிய ஆன்மாக்கள். என் ஊரில் மட்டும்தான் இப்படிக் கிடைக்கும் என்று பெருமைப்படுகிறது.

சதுக்கத்திலிருந்து பார்த்த சண்டை

நாடகத்தின் உச்சம் சண்டை. ஆனால் நாம் சண்டையைப் பார்ப்பதில்லை. நெசவாளர்களும் கழுதை ஓட்டிகளும் லான்சலாட்டுக்கு ரகசியமாகப் பறக்கும் கம்பளமும் மாயத் தொப்பியும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வானத்தில் சண்டை போடுகிறான். மேடையில் இருப்பது கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் ஊர் ஜனம். ஷ்வார்த்ஸ் இங்கே எடுத்த முடிவை எழுதக் கற்றுக்கொள்கிற ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீரசாகசத்தை மேலே விட்டுவிட்டு, கேமராவைக் கூட்டத்தின் முகத்தில் வைத்த மாதிரி.

ஒரு சின்னப் பையன் கேட்கிறான், "அம்மா, டிராகன் யாரைப் பார்த்து வானம் பூரா ஓடுது?" எல்லோரும் உஸ் என்கிறார்கள். ஓடவில்லை கண்ணா, இடம் மாற்றிப் போர் செய்கிறார் என்று ஒருவர் விளக்குகிறார். "அப்புறம் ஏன் வாலைச் சுருட்டிக்கிட்டுப் போகுது?" வால் முன்கூட்டியே யோசித்த திட்டப்படி சுருட்டப்பட்டிருக்கிறது.

நகரத் தலைவரின் மகன் ஹைன்ரிக் அதிகாரபூர்வ அறிக்கைகள் படிக்கிறான். களைத்துப்போன லான்சலாட் எல்லாவற்றையும் இழந்து பகுதியளவில் சிறைபிடிக்கப்பட்டான். பகுதியளவில் என்றால் எப்படி என்று பையன் கேட்கிறான். அது ராணுவ ரகசியம். அவனுடைய மற்றப் பகுதிகள் ஒழுங்கில்லாமல் எதிர்த்துக்கொண்டிருக்கின்றன. இன்னொரு செய்தி: டிராகன் அவர்கள் தமது தலைகளில் ஒன்றை உடல்நலக் குறைவு காரணமாக ராணுவப் பணியிலிருந்து விடுவித்து, முதல் வரிசைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். வெட்டுப்பட்ட தலை எல்லோர் கண்முன்னாலும் சதுக்கத்தில் விழுந்து கிடக்கிறது.

எங்கள் வாசிப்பில் பையனின் வரிகளை எங்களோடு வரும் ஒரு தோழியின் பதினோரு வயது மகள் படித்தாள். அவளுக்கு இதில் எதுவும் வேடிக்கையாகப் படவில்லை. உண்மையான கேள்வியாகவே கேட்டாள். பெரியவர்கள் பதில் சொல்லும் வரிகளை நாங்கள் படிக்கும்போது எங்கள் குரல் தாழ்ந்துபோனதை நானே கேட்டேன்.

ஆண்டர்சன் கதையில் குழந்தை "ராஜா அம்மணமாக இருக்கிறார்" என்று சொன்னதும் கூட்டம் மொத்தமும் அதைத் திரும்பச் சொல்கிறது. ஷ்வார்த்ஸ் 1934இல் அந்தக் கதையை எடுத்தாண்டவர். ஒன்பது வருஷம் கழித்து, அதே குழந்தையை வேறு சதுக்கத்தில் நிறுத்துகிறார். இந்தமுறை கூட்டம் குழந்தையின் பின்னால் போவதில்லை. குழந்தைக்குப் பாடம் எடுக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கண்ணால் கண்டதுதான் இந்த மாற்றம் என்று நம்புகிறேன்.

கீழே விழுந்த தலைகள் தண்ணீர் கேட்கின்றன. 400 வருஷம் கும்பிட்ட ஜனம் காதில் வாங்காமல் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது. சாகும் டிராகன் தன்னைத் தேற்றிக்கொள்கிறது: பொசுங்கிய ஆன்மாக்களையும் ஓட்டை விழுந்த ஆன்மாக்களையும் செத்த ஆன்மாக்களையும் உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன், அது போதும்.

யாரைப் பற்றியது என்ற கேள்வி

1944இல் இதைப் படித்த எவருக்கும் முதல் பதில் கையில் இருந்தது. டிராகன் ஹிட்லர். ஊர்க்காரர்கள் பலரின் பெயர்கள் ஜெர்மன் பெயர்கள், ஜிப்ஸி பற்றிய பேச்சு நாஜிகளின் இனவெறி. போர் நடந்துகொண்டிருந்தது, எதிரியைத் தாக்கும் நாடகத்துக்கு என்ன தடை? அப்படித்தான் முதலில் ஏற்கப்பட்டது. பிறகு 1944 மார்ச் 25 அன்று 'இலக்கியமும் கலையும்' இதழில் செர்கேய் பரதீன் என்ற எழுத்தாளரின் கட்டுரை வந்தது. தலைப்பு 'தீங்கான தேவதைக் கதை'. டிராகனின் பிடியில் துன்பப்படும் மக்களை, அதற்குப் பழகிப்போய் அதை விரும்புகிறவர்களாகக் காட்டுவது அவர்கள் மீது சுமத்தும் அவதூறு என்பது அவர் வாதம். ஆகஸ்டில் மாஸ்கோவில் அக்கீமவ் நாடகத்தை மேடையேற்றினார். உடனே நிறுத்தப்பட்டது. ஷ்வார்த்ஸ் உயிரோடு இருந்தவரை லெனின்கிராடில் அது மேடையேறவில்லை. அக்கீமவே 1949இல் வடிவவாதி, அதாவது கருத்தைவிட வடிவத்தையே பெரிதாக நினைக்கிறவர், என்ற குற்றச்சாட்டில் தன் அரங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஐம்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் திரும்பினார்.

பரதீனின் கட்டுரையை வெறும் அதிகார எடுபிடியின் எழுத்து என்று தள்ளிவிட மாட்டேன். அவர் கை வைத்த இடம் சரியான இடம். நாடகத்தின் கூர்மை டிராகனில் இல்லை, மக்களில் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததை அவதூறு என்றார். நான் அதை அன்பு என்பேன், அதற்கு நாடகத்திலேயே சாட்சி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

ஷ்வார்த்ஸ் ஏதோ சங்கேத மொழியில் ஸ்டாலினைத் திட்டினார், தேவதைக் கதை என்பது தணிக்கையிலிருந்து ஒளியப் போர்த்திய போர்வை என்று பலர் எழுதிவிட்டார்கள். அவர் இதை ஏற்றிருக்க மாட்டார் என்பதற்கு அவர் சொல்லே இருக்கிறது. 1956இல் மேடையேறிய 'சாதாரண அற்புதம்' நாடகத்தின் தொடக்கத்தில் சொல்கிறார்: தேவதைக் கதை சொல்வது எதையும் மறைக்க அல்ல, திறந்து காட்ட, நினைப்பதை முழு பலத்தோடு, உரத்த குரலில் சொல்ல. சங்கேதம் என்றால் ஒரு சாவியைப் போட்டுத் திறந்ததும் முடிந்துவிடும். டிராகன் என்றால் இன்னார் என்று தெரிந்ததும் நாடகத்தை மூடிவைத்துவிடலாம். இந்த நாடகம் அப்படி மூடவில்லை. பெர்லினில் பார்த்தவர்கள் தங்கள் ஊர் என்றார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் மேஜை என்றார்.

மொழியில் இருக்கிறது வித்தை

இந்தக் காலத்தில் நடக்கும் மறுகூறல்களில் ஒரு பழக்கம் உண்டு. சின்ட்ரெல்லா கையில் கைபேசியைக் கொடுப்பது, ஓநாயை வீட்டுமனைத் தரகராக்குவது. ஒருமுறை சிரிக்கலாம். கைபேசி மாடல் மாறியதும் சிரிப்பு போய்விடும். உடையை மாற்றுவது மறுகூறல் ஆகாது.

ஷ்வார்த்ஸ் உடையை மாற்றவில்லை. கம்பளம் பறக்கிறது, பூனை பேசுகிறது, டிராகனுக்கு மூன்று தலை. கதையின் எலும்புக்கூடு முழுசாக அப்படியே இருக்கிறது. மாற்றியது வாயிலிருந்து வரும் சொற்களை. அலுவலகத்தின் மொழி, போர் அறிக்கையின் மொழி, பள்ளிப் பாடத்தின் மொழி, இவற்றை மாயக்கதையின் வாயில் வைத்தார். 'பொறுப்புத் தலைக்கவசம்' என்று நான் மொழிபெயர்த்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. நம் ஊரில் பொறுப்பு வட்டாட்சியர், பொறுப்புத் தலைமையாசிரியர் என்று தினமும் கேட்கிற சொல். ஆட்சிகள் மாறும், கருவிகள் மாறும், இந்த மொழி எளிதில் மாறாது. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்ட அதற்கு ஒரு தாளும் முத்திரையும் போதும்.

1947இல் வெளிவந்த 'சின்ட்ரெல்லா' படத்துக்கு ஷ்வார்த்ஸ் எழுதிய வசனத்திலும் இதே கை தெரியும். சின்னம்மா ஊரெல்லாம் சிபாரிசு தேடி அலைகிறவள். ராஜா அவளைப் பற்றிச் சொல்கிறார்: எந்தச் சிபாரிசை வைத்தும் பாதத்தைச் சின்னதாக்கவோ, மனசைப் பெரிதாக்கவோ, இதயத்தை நியாயமுள்ளதாக்கவோ முடியாது. கண்ணாடிச் செருப்பு பழைய செருப்புதான். ஆனால் சிபாரிசு என்ற சொல் உள்ளே நுழைந்ததும், செருப்பு ஒரு நியாயத் தராசு ஆகிவிடுகிறது.

ஒரு வருஷம் கழித்து

பழைய கதை டிராகன் செத்ததும் முடியும். ஷ்வார்த்ஸ் மூன்றாவது அங்கத்தை அதற்குப் பிறகு தொடங்குகிறார். நாடகத்தின் பெரிய துணிச்சல் இதுதான். படுகாயத்தோடு லான்சலாட் காணாமல் போய் ஒரு வருஷம். பழைய நகரத் தலைவர் இப்போது சுதந்திர நகரத்தின் குடியரசுத் தலைவர். டிராகனைக் கொன்றது தானே என்று அறிவித்திருக்கிறார். எல்சாவை மணக்க ஏற்பாடு நடக்கிறது. உண்மை தெரிந்தவர்கள் சிறையில். யாரோ சுவர்களில் 'ல' என்று ஓர் எழுத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள்; ரஷ்ய மொழியில் லான்சலாட்டின் முதல் எழுத்து. 'நேசிக்கிறோம்' என்ற ரஷ்யச் சொல்லுக்கும் அதே எழுத்துதான் என்பதால், தலைவரை நேசிக்கிறோம் என்று அதற்குப் பொருள் சொல்லிவிடுகிறார்கள்.

எல்சா மட்டும் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள மறுக்கிறாள். முன்பு லான்சலாட்டைக் கொல்ல அவள் கையில் கொடுத்த விஷக் கத்தியைக் கிணற்றில் எறிந்தவள் அவள். லான்சலாட் திரும்பி வருகிறான். ஹைன்ரிக் மன்றாடுகிறான்: என் மேல் தப்பில்லை, எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். லான்சலாட்டின் பதில் ரஷ்யாவில் இன்று பழமொழி மாதிரி புழங்குகிறது: "எல்லோருக்கும்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நீ ஏன் வகுப்பிலேயே முதல் மாணவனாக வந்தாய், மிருகமே?"

இந்த ஒரு கேள்விக்காகவே நாடகம் எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றும். சூழ்நிலை, பயம், குடும்பம் என்று ஆயிரம் காரணங்கள் எல்லோருக்கும் உண்டு. ஷ்வார்த்ஸ் அவற்றை ஏற்றுக்கொள்கிறார்; சார்லமேன் மேல் அவர் கல் எறியவில்லை. பயந்து சும்மா இருந்தவனையும், முந்திக்கொண்டு போய் முதலிடம் வாங்கியவனையும் மட்டும் பிரித்துக் காட்டுகிறார்.

அவருக்குப் பிறகு

ஷ்வார்த்ஸ் 1958 ஜனவரி 15 அன்று லெனின்கிராடில் இறந்தார். இரண்டு வருஷத்தில் கதவுகள் திறந்தன. 1960இல் மாஸ்கோவின் இளம் 'சவ்ரிமேன்னிக்' குழு 'அம்மண ராஜா'வை மேடையேற்றியது. ராஜாவாக நடித்த யெவ்கேனி யெவ்ஸ்திக்னேயவ் அதில்தான் பெரும் புகழ் பெற்றார். எழுதி 26 வருஷம் ஆகியிருந்தது. 1962இல் அக்கீமவ், நெவ்ஸ்கி வீதியின் அதே அரங்கத்தில், 'டிராகன்' நாடகத்தைத் திரும்ப மேடையேற்றினார். 1965இல் கிழக்கு பெர்லினின் டாய்ச்சஸ் அரங்கத்தில் பென்னோ பெஸ்ஸோன் இயக்கியது பல வருஷம் ஓடி 500 காட்சிகளைத் தாண்டியது. ஹைனர் முல்லர் எழுத்தில், பவுல் தெஸாவ் இசையில் 1969இல் அது 'லான்சலாட்' என்ற இசைநாடகமும் ஆயிற்று. 1988இல் மார்க் ஸகாரவ் படமாக எடுத்தார். சோவியத் ஒன்றியம் கலைய அப்போது மூன்று வருஷம் இருந்தது.

எங்கள் வாசிப்பு ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்றாம் அங்கத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. லான்சலாட் சலிப்போடு சொல்கிறான்: இனி செய்ய வேண்டியது பூத்தையல் வேலையைவிட நுணுக்கமானது, இவர்கள் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் டிராகனைக் கொல்ல வேண்டும். "எங்களுக்கு வலிக்குமா?" என்று பையன் கேட்கிறான். உனக்கு வலிக்காது என்கிறான் லான்சலாட். அப்போது தோட்டக்காரர் ஒருவர் குறுக்கிட்டுக் கெஞ்சுகிறார்: பொறுமையாக இருங்கள், களையைப் பிடுங்குங்கள், ஆனால் ஜாக்கிரதையாக, நல்ல வேர் அறுந்துவிடாமல். லான்சலாட் ஊர் முழுவதையும் பார்த்து, உங்கள் எல்லோரையும் நேசிக்கிறேன் நண்பர்களே, இல்லாவிட்டால் உங்களோடு எதற்கு இத்தனை பாடு என்கிறான். நீண்ட கவலைகளுக்கும் வேதனைகளுக்கும் பிறகு நாமெல்லாம் சந்தோஷமாக இருப்போம், ரொம்ப சந்தோஷமாக, ஒருவழியாக என்று முடிகிறது.

தோட்டக்காரரின் வரிகள் அந்தப் பெரியவருக்கு வந்திருந்தன. வேர் பற்றிய வரியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படிக்கட்டுமா என்று கேட்டார்.